கிழக்குத் துண்டு, மேற்குத் துண்டு, நடுவில் ஒரு வழி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த இரண்டு தவறுகளால் பிறந்தது. முதல் தவறை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை, வேறு வழியே இல்லை என்ற கட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நிஜத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

முதல் தவறு: ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, என் நாத்தனாரின் இரண்டு வருட உழைப்பை ஒரே சொடுக்கில் அழித்தேன். தெரியாமல்தான். ஆனால் அழித்த கையோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஒழிஞ்சது சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "நினைவு என்பது ஒரு வட்டு. அதில் நாம் ஒவ்வொருவரும்…" வேண்டாம். மேசை மேல் இருந்தது நினைவு இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு ஒரு வயர். கடையில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்று கேட்டு வாங்கியது.

தொடக்கம் இரண்டு: "வெறுமையின் நிறம் கறுப்பு என்று அவள் அறிந்துகொண்ட அந்தக் காலைப் பொழுதில்…" இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மறுநாள் நாத்தனார் படித்தாள். "யாரு அண்ணி இந்த அவள்? அழிச்சது நீங்கதானே?" என்று கேட்டாள். அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்றைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

நாத்தனாரை அறிமுகப்படுத்த வேண்டும். என் கணவரின் தங்கை. நில அளவையாளர். வீட்டில் எல்லோரும் அவளை மில்லி என்று கூப்பிடுவோம், மில்லிமீட்டரின் சுருக்கம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அலமாரியில் எனக்கான பங்கை அளந்து ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தாள். மேல்தட்டில் எண்பத்திரண்டு சென்டிமீட்டர். படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. அலமாரிக்கு எதற்கு வடக்கு என்று கேட்டேன்.

"வடக்கு இல்லாத படம் படமே இல்லை அண்ணி."

அந்த அம்புக்குறியை நான் அன்றைக்கே மதித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. குற்றவாளி நான் என்பதால், ஈடுகட்டுவதற்காக இவளை ரொம்ப நல்லவளாகக் காட்டிவிடுவேனோ? அப்படியொருத்தி கதையில் நடமாடினால் யாருக்கும் பிடிக்காது. எனவே சொல்லிவிடுகிறேன். மில்லிக்கு மன்னிப்புக் கேட்க வராது. அடுத்தவர் பேசும்போது கூசாமல் கொட்டாவி விடுவாள். என் சிறுகதைத் தொகுப்பைப் படித்துவிட்டு அவள் சொன்ன ஒரே கருத்து, நாற்பதாம் பக்கத்தில் நாயகி நடந்துபோகும் தெரு, அறுபதாம் பக்கத்துக்குள் இருநூறு அடி குறைந்துவிட்டது என்பதுதான்.)

* மில்லியின் குறிப்பு: இருநூறு இல்லை, இருநூற்று நாற்பது.

ஆமாம், இந்தக் கைப்பிரதியை அவள் படித்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியதை எல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன். அவளுடைய இடத்தில் இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

3

அந்தக் கறுப்புப் பெட்டியை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். பெட்டியின் மேல் நான்கு டீபி, அதாவது டெராபைட், என்று போட்டிருந்தது. கணினியில் செருகினால் மூன்று புள்ளி ஆறு மூன்று என்று காட்டியது. மில்லி விடவில்லை. கடைக்குப் போன் போட்டு, "மீதி எங்க போச்சு?" என்று கேட்டாள். செய்கிறவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், கணினி ஆயிரத்து இருபத்து நான்கால் எண்ணுகிறது என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "எங்க ஆபீஸ்ல இப்படி அளந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு அதைப் பிரிக்க உட்கார்ந்தாள். திரையில் அந்த வட்டு, இடமிருந்து வலமாக நீண்ட ஒரே பட்டையாகத் தெரிந்தது. முழுக்கக் கறுப்பு. அதில் 'ஒதுக்கப்படாத இடம்' என்று எழுதியிருந்தது. மில்லி தன் அளவைக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனையைப் பிரிப்பதுபோல் பிரித்தாள். இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு, இரண்டும் ஒரு பொட்டுக்கூட வித்தியாசமில்லாத சமம். துண்டு போட்ட இடம் நீலமானது. ஆனால் இரண்டு நீலங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையை அப்படியே விட்டுவிட்டாள். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எம்பி, அதாவது மெகாபைட்.

"இது எதுக்கு?" என்றேன்.

"வழி."

"ஹார்டு டிஸ்க்குல யாரு நடக்கப் போறா?"

"இன்னிக்கு யாரும் நடக்கலை. நாளைக்கு வேணும்னா? வழி விடாம நான் இதுவரைக்கும் எந்த மனையையும் பிரிச்சதில்லை அண்ணி."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். துண்டுகளுக்குப் பெயர் வைக்கலாம் என்றேன், அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மனைக்கு யாராவது பெயர் வைப்பார்களா? "மேற்கு உங்களுது, கிழக்கு என்னுது. ஞாபகம் வச்சுக்கோங்க. அவ்ளோதான்."

மேற்குத் துண்டில் நான் என் நாவலை வைத்தேன். எட்டு வருடமாக எழுதியது, பதினான்கு வடிவங்கள், ஒன்றுக்கும் முடிவு இல்லை. மொத்தமும் சேர்த்துப் பதினான்கு எம்பி. இரண்டு டீபிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் அது ஒரு மூலையில் கிடந்தது.

கிழக்குத் துண்டில் மில்லி ஒரு மலைச்சரிவை வைத்தாள்.

4

எங்கள் தெருவின் கடைசியில் ஏறினால் அந்தச் சரிவு வரும். நூற்று எண்பத்தாறு வீடுகள். நாற்பது வருடமாக மனிதர்கள் அங்கே குடியிருக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நில அளவை அலுவலகத்தின் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு எண் இல்லை. வெள்ளைக்கு நடுவே 'ஒதுக்கப்படாத நிலம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

காலி இடம்தானே என்று சொல்லி அங்கே வாகன நிறுத்தம் கட்டத் திட்டம் போட்டார்கள். வரைபடத்தில் வீடே இல்லை என்றால் எந்த வீட்டையும் இடித்ததாகக் கணக்கில் வராது. சரிவுக்காரர்கள் மனு மேல் மனு போட்ட பிறகு அலுவலகம் ஒரு தேதி கொடுத்தது. உரிமம் பெற்ற அளவையாளர் ஒருவர் அளந்து கையெழுத்திட்ட வரைபடம், ஒரு குறிப்பிட்ட வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் வந்தால் வீடுகளைப் பதிவுசெய்வோம். வராவிட்டால் வெள்ளை, வெள்ளையாகவே இருக்கும்.

மில்லி அந்த வேலையைத் தானாகக் கேட்டு எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம், ஒவ்வொரு விடுமுறை நாளும் சரிவில்தான். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நூற்றுப் பன்னிரண்டாம் வீட்டுத் தையற்காரம்மா. "பிடிக்கத் தெரியுமா?" என்று முதல் நாள் மில்லி கேட்டாளாம். "அளவெடுக்கிறது எனக்கும் தொழில்தான் மேடம். நான் ஆளை அளக்கறேன், நீங்க வீட்டை அளக்கறீங்க" என்று அந்தம்மா டேப்பைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டாராம். அவர் வீடு பதினோரு அடி அகலம். ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் கீழே பாதம் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான சிமெண்டுத் தரை.

முப்பத்தொரு பெரிய தாள்களில் வரைபடம் தயாரானது. மில்லியின் மடிக்கணினி பழசு, மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கிழக்குத் துண்டுக்கு நகர்த்திவிட்டாள். அளவுகள் குறிப்பேடுகளில் இருந்தன. ஆனால் மறுபடி வரைய இரண்டு மாதம் ஆகும். அந்தப் புதன்கிழமை மதியம் அச்சுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வியாழன் மூன்று மணிக்கு ஒப்படைக்க வேண்டும். காலையில் கடைசியாக ஒரு சுவரைச் சரிபார்க்கச் சரிவுக்குப் போயிருந்தாள்.

வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

5

நாவலைக் கொன்றுவிடலாம் என்று அன்று காலைதான் முடிவு செய்தேன். பதினான்கு கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்திருந்தால் நியாயம். ஆனால் எழுத்தாளர்களுக்கு எதையும் சும்மா செய்யத் தெரியாது. துண்டையே தூக்கிவிட வேண்டும், எட்டு வருடமும் ஒரே அடியில் போக வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

என்னுடையது மேற்கு. அது நன்றாக நினைவிருந்தது.

என் மேசை தெற்கு பார்த்தது. காலை வெயில் இடப்பக்க ஜன்னல் வழியாக வந்து டீ டம்ளர் மேல் விழும். அன்றும் விழுந்திருந்தது. அப்படியானால் இடப்பக்கம் கிழக்கு. வலப்பக்கம் மேற்கு. சின்னக் குழந்தைக்கும் தெரிகிற கணக்கு. வலப்பக்கத் துண்டின் மேல் அம்புக்குறியை வைத்தேன். இதில் உள்ள எல்லாம் போய்விடும், தொடரவா என்று கணினி கேட்டது. தொடர் என்றேன். நீலம் கறுப்பானது.

"ஒழிஞ்சது சனியன்."

மிச்சமிருந்த துண்டைச் சும்மா திறந்து பார்த்தேன். என் நாவலின் பதினான்கு வடிவங்களும் வரிசையாக, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்த இடத்தில் ஏதாவது நல்ல உவமை எழுத வேண்டும் என்று அரை மணி நேரம் போராடினேன். கிடைக்கவில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது என்றே இருக்கட்டும், அதுதான் நடந்தது.

6

முந்தைய வடிவத்தில் இந்தப் பகுதி இப்படி இருந்தது: "மில்லி வாசலில் நின்றாள். அவள் கண்களில் மெல்ல நீர் திரண்டு…"

* மில்லியின் குறிப்பு: நான் எங்க அழுதேன்?

அழவில்லை. பத்தேகாலுக்கு வந்தாள், ஷூவைக் கழற்றினாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"வலது."

"அது கிழக்கு."

"எனக்கு அது மேற்கு மில்லி! சூரியன் இந்தப் பக்கம்தானே…" என்று ஜன்னலைக் காட்டினேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "படத்துக்கு மேல்பக்கம் எப்பவும் வடக்கு அண்ணி. வலது எப்பவும் கிழக்கு. நீங்க எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும்" என்றாள். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது அவள் போன் அடித்தது. தையற்காரம்மா. ஸ்பீக்கரில் மெஷின் ஓடும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

"மேடம், பிரிண்ட் போட்டாச்சா? இங்க எல்லாரும் என்னையே போட்டுப் பிடுங்கறாங்க."

"போட்டுடுவேன்" என்றாள் மில்லி. போனை வைத்த பிறகு அவள் கைகள் முழங்கால்களை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. நூற்று எண்பத்தாறு வீடுகளை, அடியோடு, ஒரு டம்ளர் மேல் விழுந்த வெயிலை நம்பி, நான் அழித்திருந்தேன். வாகன நிறுத்தம் கட்டுகிறவர்களுக்கே இரண்டு வருடமாக முடியாத காரியம்.

7

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டோம். மூன்று புள்ளி ஆறு மூன்றை விளக்கிய அதே மனிதர்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க மேடம், அதுக்கப்புறம் அதுல எதையாவது காப்பி பண்ணீங்களா?"

"இல்லை" என்றேன்.

"ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சா?"

"இல்லை."

"பொழைச்சீங்க. துண்டு அழிஞ்சா உள்ள இருக்கறது அழியாது. அது எங்க ஆரம்பிக்குதுங்கற குறிப்புதான் போயிருக்கும். அதனால காலின்னு காட்டும். எங்ககிட்ட கொண்டுவாங்க, முழுசா தேடிப் பார்த்து எடுத்துடலாம். ரெண்டு மூணு நாள் ஆகும்."

மில்லி தலையை நிமிர்த்தினாள். "அப்போ உள்ள எல்லாம் அப்படியே இருக்கு. எல்லைக் கல்லை மட்டும்தான் பிடுங்கியிருக்காங்க."

"அப்படியும் சொல்லலாம்…"

"எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா, அதே இடத்துல கல்லை நட்டா போதுமா?"

கடைக்காரர் சிரித்தார். "போதும் மேடம், ஒரு நிமிஷ வேலை. ஆனா துல்லியமா தெரியணும். அதை யாரு எழுதி வைக்கறா?"

"நான்" என்றாள் மில்லி.

இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு. நீங்கள் விரும்பினால் தட்டலாம். நான் காத்திருக்கிறேன்.

8

குறிப்பேட்டில் பென்சிலால் இரண்டே வரி இருந்தது: 'இரு துண்டுகளும் சமம். மேற்குத் துண்டின் எல்லையிலிருந்து 4096 தள்ளி, கடைசி வரை கிழக்குத் துண்டு.' கீழே வடக்கு அம்புக்குறி.

பட்டனை அழுத்தித் துண்டு போட்டால், கறுப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்தே கணினி போட்டுவிடும்; நடுவில் விட்ட வழியையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் மில்லி கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையைத் திறந்து, கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் துண்டின் எல்லையிலிருந்து நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தள்ளிக் கல்லை நட்டாள். கறுப்பு நீலமானது.

திரையில் ஒரு பெட்டி குதித்தது. இந்தத் துண்டைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

"வேண்டாம், வேண்டாம்! பண்ணா எல்லாம் அழிஞ்சிடும்!" என்று போனில் அலறினார் கடைக்காரர். "கல்லு இடம் மாறியிருக்கு. தப்பான இடத்துல நட்டிருக்கீங்க."

மில்லி அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் குறிப்பேட்டை மறுபடி பார்த்தாள். "நான் தப்பா எழுத மாட்டேனே" என்றாள். எட்டு வருடப் பழக்கத்தில் அவள் தன் அளவைத் தானே சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை.

மணி பதினொன்று நாற்பது. வேறு வழியே இல்லை என்ற கட்டம் இதுதான்.

இரண்டாவது தவறு: வட்டைப் பிரித்துக் கொடுத்த ஒரு மாதத்தில், மில்லி வெளியூர் போயிருந்தபோது, நடுவில் இருந்த அந்தக் கறுப்புப் பட்டையில் கொஞ்சத்தை நான் என் துண்டோடு சேர்த்துக்கொண்டேன். வேலியை நகர்த்தினேன். ஆயிரத்து இருபத்து நான்கு எம்பி. பதினான்கு எம்பி நாவலுக்கு எதற்கு இடம் என்று கேட்காதீர்கள். தேவையே இல்லை. காலியாகத் தெரிந்தது, எடுத்துக்கொண்டேன். எடுத்தபோது உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது?

மில்லி ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு துண்டும் சமம்னா, இந்தக் கறுப்பு உங்க துண்டைவிட நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு கூட இருக்கணும். பாதிதான் இருக்கு…"

"மில்லி" என்றேன். "நான் வேலியைத் தள்ளிட்டேன்."

பென்சில் நின்றது.

"எவ்ளோ?"

"ஆயிரத்து இருபத்து நாலு."

"எதுக்கு?"

"சும்மா. காலியா இருந்துச்சு."

போனில் கடைக்காரர் இருமினார். வாகன நிறுத்தக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையும் அதேதான் என்பது எனக்கும் மில்லிக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். வெட்கம் என்றால் என்ன என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

(அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நானாகச் சொன்னேன் என்பதைக் கவனிக்கவும்.)

* மில்லியின் குறிப்பு: எனக்கு அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு கணக்குப் போடற மாதிரி இருந்தேன்.

"அப்போ இப்ப இருக்கற எல்லையிலேருந்து மூவாயிரத்து எழுபத்திரண்டு" என்றாள். தட்டினாள். ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். அழுத்தினாள்.

கறுப்பு நீலமானது. எந்தப் பெட்டியும் குதிக்கவில்லை. ஒரு சின்ன மணிச் சத்தம். கிழக்குத் துண்டு தானாகத் திறந்துகொண்டது. தாள் ஒன்று, தாள் இரண்டு, தாள் மூன்று, கீழே கீழே இறங்கி முப்பத்தொன்று வரை. மில்லி பத்தொன்பதாம் தாளைத் திறந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் வீடு, அகலம் பதினோரு அடி, ஜன்னல் கிழக்கு பார்த்தது.

நான் கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். போனில் கடைக்காரர், "வந்துடுச்சா? மேடம்? வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மில்லி மட்டும் கொட்டாவி விட்டாள். அது கொட்டாவி இல்லை, அவளுக்கு மூச்சு அப்போதுதான் திரும்பியது என்று நினைக்கிறேன்.

9

முடிவுகள்.

முடிவு அ: துண்டு கிடைக்கவில்லை. மில்லி வெறும் கையோடு சரிவில் ஏறுகிறாள். தையல் மெஷின் நிற்கிறது. மழை வருகிறது. [இலக்கியப் பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். எனக்குக்கூட ஒரு காலத்தில் பிடித்திருக்கும்.]

முடிவு ஆ: துண்டு கிடைத்தது, ஆனால் அலுவலகத்தில் சேர்க்க ஐந்து நிமிடம் தாமதம். [அடித்துவிட்டேன். மில்லி எங்கேயாவது தாமதமாகப் போவாளா?]

இரண்டையும் உங்கள் கையில் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் விலகிக்கொள்ளலாம். இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் வழக்கம். ஆனால் இந்த முடிவை யாருக்கும் தரமாட்டேன். இது என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. நூற்று எண்பத்தாறு வீட்டுக்காரர்களுடையது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு நானும் மில்லியும் தையற்காரம்மாவும் அந்த அலுவலகத்தின் நீள மேசை முன் நின்றோம். பரிசீலிக்கும் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எதிலும் அவருக்குப் பிழை கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் தாளில் விரலை வைத்தார்.

"நூத்திப் பதினொண்ணுக்கும் நூத்திப் பன்னிரண்டுக்கும் நடுவுல நாலடி விட்டிருக்கீங்க. இது யாருக்கு ஒதுக்கினது?"

"யாருக்கும் இல்லை சார். வழி."

"யாருக்கும் ஒதுக்கலைன்னா காலி இடம்தானே? ஏதாவது ஒரு வீட்டோட சேர்த்துடலாமே."

மில்லி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், அப்படி நினைச்சு நான் ஒரு தடவை சேர்த்துக்கிட்டேன். ஊரே தொலைஞ்சு போகத் தெரிஞ்சுது. விட்டுடுங்க."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. தையற்காரம்மாதான் மேசை மேல் குனிந்து, டேப் பிடித்துத் தழும்பேறிய விரலால் அந்த நாலடியைத் தொட்டார். "சார், கீழ்வரிசையில இருக்கற எண்பது வீட்டுக்கும் தண்ணி எடுக்க இதுதான் வழி. தினமும் நடக்கறோம். காலியெல்லாம் இல்லை."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். அந்தம்மாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். 'பொது வழி' என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு முத்திரையை எடுத்தார். முப்பத்தொரு தாள், முப்பத்தொரு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் மேசை அதிர்ந்தது. தையற்காரம்மா உதட்டசைவில் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தொன்று என்றதும் மில்லியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மில்லியின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

* மில்லியின் குறிப்பு: அப்போ அழுதேன். அதைப் போட்டுக்கலாம்.

போட்டாயிற்று. அவள் அழுதாள், அந்தம்மாவும் அழுதார், நான் இருவரையும் மிஞ்சி அழுதேன். வெற்றி என்றால் இப்படித்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்று சரிவில் ஒவ்வொரு கதவிலும் எண் இருக்கிறது. அலுவலகத்தின் வரைபடத்தில் அங்கே ஒரு பொட்டு வெள்ளை இல்லை. வாகன நிறுத்தம் வேறெங்கோ போய்விட்டது.

10

வீட்டுக்கு வந்ததும் மில்லி பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே செய்யவைத்தாள். என் துண்டை ஆயிரத்து இருபத்து நான்கு சுருக்கினேன். நடுவில் கறுப்புப் பட்டை பழையபடி நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆனது. குறிப்பேட்டில் அதை எழுதி, இந்த முறை இரண்டு துண்டுகளின் அளவையும் எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

"உங்க நாவலை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

அதுதான் பாக்கி. சரிவின் முடிவைத் தரமாட்டேன் என்று சொன்னேன்; நாவலின் முடிவு வேண்டுமானால் உங்களுக்கு. பதினான்கு வடிவங்களும் மேற்குத் துண்டில் அப்படியே இருக்கின்றன. சில சமயம் அவற்றை அழிக்கத் தோன்றுகிறது. சில சமயம், வழியை மறந்துவிட்ட ஒரு எழுத்தாளரும் வழியை விடாத ஒரு அளவையாளரும் அதில் வந்தால் பதினைந்தாவது வடிவம் உருப்படும் என்று தோன்றுகிறது. இப்போது அந்தத் துண்டின் மேல்தான் அம்புக்குறி நிற்கிறது. தொடரவா என்று கணினி கேட்கிறது. இந்த முறை நன்றாகச் சரிபார்த்துவிட்டேன்: இடது, மேற்கு, என்னுடையது.

பதிலை எழுதுவதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத்தான்.

[




]

* மில்லியின் குறிப்பு: இதை யாரும் நிரப்ப வேண்டாம். இது வழி. நடந்து போகட்டும்.